வெள்ளை வந்தால் தருமபுரி

வெள்ளை அரளி வந்தால் தருமபுரி ஆஸ்பத்திரிக்குப் போவது. சிவப்பு வந்தால் அந்தப் பேச்சையே விட்டுவிடுவது.

மாதையன் முடிவாகச் சொல்லிவிட்டார். மகனை மனசு டாக்டரிடம் காட்டினால் நாளைக்கு எவன் பெண் கொடுப்பான் என்பது அவர் கவலை. மாரியம்மனே உத்தரவு கொடுத்துவிட்டால் அவர் குறுக்கே நிற்கமாட்டார்.

ஒருமுறை இப்படிப் பொட்டலம் கட்டி அம்மனிடம் பூக் கேட்டுவிட்டால் அதே காரியத்துக்கு மறுபடி கேட்கக் கூடாது. அதுதான் அவர் மனைவி நஞ்சம்மாளுக்குப் பயம். சிவப்பு வந்துவிட்டால்?

ஓசூர் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்ததிலிருந்து மாதேஷ் சுவரைப் பார்த்தபடி படுத்தே கிடந்தான். சோம்பேறித்தனம் என்றார்கள். எவளோ ஏமாற்றிவிட்டாள் என்றார்கள். குறி கேட்டு வந்து இடுப்பில் கயிறு கட்டினார்கள். எருமை மாதிரி கிடக்கிறானே என்று நஞ்சம்மாளே பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரித்திருக்கிறாள், அவன் காதில் விழும்படி.

ஊருக்கு வரும் நர்ஸ் கோகிலவாணிதான், இது மனச்சோர்வு, இதற்கு வைத்தியம் இருக்கிறது, தள்ளிப்போடாதீர்கள் என்றாள். அப்படியும் தள்ளித்தான் போட்டார்கள். போன வாரம் கிணற்று மேட்டில் அவன் வெகுநேரம் தனியாக நிற்பதைப் பார்த்த பிறகுதான் நஞ்சம்மாள் புருஷனிடம் ஆஸ்பத்திரிப் பேச்சை எடுத்தாள்.

இன்று கோயிலில் ஓர் அதிசயம். குளிக்கவே எழுந்திருக்காதவன், தானாக வந்து பூக்கூடையை வாங்கிக்கொண்டான். ஒரு மூலையில் திரும்பி உட்கார்ந்து, வாழையிலைத் துண்டுகளில் பூவை வைத்து மடித்து, நாரால் கட்டினான். பிள்ளைக்குச் சாமிமேல் இவ்வளவு பக்தியா என்று அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பூசாரி இரண்டு பொட்டலங்களையும் குலுக்கி அம்மன் காலடியில் போட்டார். கண்ணை மூடி ஒன்றை எடுத்துப் பிரித்தார்.

வெள்ளை.

மாதையன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அடுத்த பஸ்ஸையே பிடித்துவிடலாம் என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடி வெளியே போனார். பூசாரி அடுத்தவர்களுக்குத் தேங்காய் உடைக்கப் போய்விட்டார்.

நஞ்சம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மற்றப் பொட்டலத்தை எடுத்தாள். வீட்டில் விளக்குக்கு வைக்கலாம் என்று பிரித்தாள்.

அதிலும் வெள்ளை.

சாமி குத்தம் ஆகிவிடுமே என்றுதான் முதலில் பதறினாள். பிறகு மகனைப் பார்த்தாள். தாடிக்குள் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. இத்தனை மாதமாக அவன் முகத்தைச் சரியாகப் பார்க்கவே இல்லையே என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, அந்தப் பூவை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"ஏஞ்சாமி, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

அவன் நிமிரவில்லை.

"யாராச்சும் கேட்டா சொல்லலாம்னுதாம்மா இருந்தேன்."