ருசி பார்க்க ஓர் ஆள்

லெந்து எனும் தவக்கால நாட்களில் டீயை விட்டது எபனேசர். அவதிப்பட்டது வீடு.

லெந்து தொடங்கும் சாம்பல் புதன் ஆராதனை முடிந்ததும், நாலு பேர் காதில் விழும்படிதான் சொன்னான். "ஈஸ்டர் வரைக்கும் டீ கிடையாது. ஆண்டவருக்காக விட்டுட்டேன்."

ஆவடி சபையில் அது பெரிய செய்தி. ஃபேக்டரி கேன்டீனில் முதல் டம்ளர் எபனேசருடையது என்று ஊருக்கே தெரியும்.

மறுநாளே தலைவலி வந்தது. கூடவே கோபம். செருப்பு கோணலாகக் கிடந்தால் கோபம், குக்கர் விசில் அடித்தால் கோபம்.

மனைவி பியூலா பொறுத்துப் பார்த்தாள். "என்னங்க, டீக்குப் பதிலா கோபத்தை விட்டிருக்கலாம் நீங்க."

"கோபத்தை எவன் வேணா விடுவான். டீயை விடச் சொல்லு பாப்போம்."

ஆறு வயது மகள் ஜெரூஷாவும் சும்மா இருக்கவில்லை. சண்டே ஸ்கூலில் எழுந்து நின்று, "எங்கப்பா டீயை விட்டுட்டாரு. நான் சாக்லேட்டை விட்டுட்டேன்" என்று அறிவித்துவிட்டாள். எபனேசருக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒரு வாரம் ஓடியது. ஷிஃப்ட் முடிந்து வரும் வழியில், டீக்கடை உஸ்மான் கனி கையைக் காட்டி நிறுத்தினார்.

"இன்னா அண்ணாத்தே, ஆளையே காணோம். கோச்சிக்கினியா?"

"லெந்து பாய். டீ குடிக்கிறதில்ல."

"எனக்கும் நோன்புதான். அதான் பேஜாரா கீது. சக்கரை சரியா கீதான்னு ருசி பாக்க முடியல. காலைல ஒருத்தன் மூஞ்சிய சுளிச்சினு போறான். ஒரே ஒரு வாய் பாத்துச் சொல்லேன்."

எபனேசர் யோசித்தான். இது டீ குடிப்பதில் சேராது. நோன்பிருக்கும் மனுஷனுக்கு ஒத்தாசை. அயலானை நேசி என்றுதானே வேதத்தில் இருக்கிறது.

ஒரு வாய் பார்த்தான். சர்க்கரை சரி. உறுதி செய்துகொள்ள இன்னொரு வாய். பாதியில் நிறுத்தினால் அடியில் தங்கிய சர்க்கரை கணக்கில் வராது என்பதால், டம்ளர் காலியானது.

மறுநாளும் அயலானை நேசித்தான். அதற்கு மறுநாளும்.

குடிக்குமுன் இடமும் வலமும் பார்த்துக்கொள்வான், சபையார் யாரும் வருகிறார்களா என்று. அந்தத் திருப்பத்தில் ஸ்கூல் வேன்கள் ஊர்ந்து ஊர்ந்து போகும். அவற்றில் இருப்பது பொடிசுகள். பொடிசுகளை அவன் சபையில் சேர்க்கவில்லை.

தலைவலி நின்றது. முகம் தெளிந்தது. அதுதான் வினையாகப் போயிற்று. ஆயர் கவனித்துவிட்டார்.

"டீயை விட்ட பிறகு உங்க முகத்துல ஒரு பிரகாசம் தெரியுது எபனேசர். வர்ற ஞாயிறு சபைக்கு முன்னால உங்க அனுபவத்தைச் சாட்சியா சொல்லுங்க."

முடியாது என்று சொல்ல எபனேசருக்கு வாய் வரவில்லை. முகம் இன்னும் கொஞ்சம் பிரகாசித்தது.

சனிக்கிழமை சாயங்காலம் சாட்சியை மனப்பாடம் செய்துகொண்டு ஹாலில் நடந்தான். "இச்சையடக்கம் என்பது..." என்று ஆரம்பிக்கும்போது பீரோவுக்குப் பின்னால் சரசரவென்று சத்தம்.

எட்டிப் பார்த்தான். ஜெரூஷா. கையில் சாக்லேட் காகிதம், வாயோரம் பழுப்பு.

"ஏது இது?"

"என் கிளாஸ் ஷாகிதா, அவ பர்த்டேக்குக் கொடுத்தா."

"ஆண்டவருக்குச் சொன்ன வாக்கு என்னாச்சு?"

ஜெரூஷா காகிதத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

"ஒளிஞ்சுகிட்டா யாருக்கும் தெரியாதா? மேல இருக்கிறவர் பாத்துக்கிட்டுத்தான் இருக்காரு. வாக்கை மீறினா எங்க போவாங்கன்னு சண்டே ஸ்கூல்ல சொல்லலையா?"

"சொன்னாங்க. நரகத்துக்கு."

"தெரிஞ்சேதான் தின்னியா?"

"ம்."

எபனேசர் ஆடிப்போனான். தெரியாமல் தின்றால் அது பிள்ளைத்தனம். தெரிந்தே தின்றால்?

பியூலா அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள். "சின்னப் பிள்ளைதானே. விடுங்க."

"இன்னிக்கு சாக்லேட்டு. நாளைக்கு? நீயும் வா, ஜெபம் பண்ணுவோம். அவளே வாய்விட்டு மன்னிப்புக் கேக்கட்டும்."

மூவரும் பாயில் முழங்கால் போட்டார்கள். எபனேசர் கண்களை இறுக மூடிக்கொண்டான்.

"இயேசப்பா," என்று ஜெரூஷா ஆரம்பித்தாள். "நான் சாக்லேட் சாப்பிட்டேன். எனக்கு ஆசையே இல்ல. ஆனாலும் சாப்பிட்டேன்."

"ஜெபத்துல பொய் சொல்லக்கூடாது."

"பொய் இல்லப்பா." மறுபடியும் மேலே பார்த்துப் பேசினாள். "இயேசப்பா, வேன்ல வரும்போது தினமும் பாக்கிறேன். பாய் கடையில அப்பா டீ குடிக்கிறாரு."

பியூலா கண்ணைத் திறந்தாள். எபனேசர் திறக்கவில்லை. திறந்தால் அவளைப் பார்க்க வேண்டும்.

"அப்பா நரகத்துக்குப் போயிடுவாரு. அங்க ஒரே இருட்டாம், டீச்சர் சொன்னாங்க. எங்க வீட்டுல கரண்ட் போனாலே அப்பா என் கையைத்தான் பிடிச்சுக்குவாரு. தனியா போனா பயந்துடுவாரு. அதான் நானும் சாப்பிட்டேன், அவர்கூடப் போறதுக்கு. ஆமென்."

ஆமென் என்றது அவள் மட்டும்தான்.

மறுநாள் ஆராதனையில் ஆயர் சாட்சிக்கு அழைத்தார். எபனேசர் எழுந்தான். மனப்பாடம் செய்தது எதுவும் இனி உதவாது. முன்னால் வெறும் பத்தடி தூரம், பட்டப்பகல் வெளிச்சம். ஆனாலும் தனியாகப் போகப் பயமாக இருந்தது.

குனிந்து, ஜெரூஷாவின் கையைப் பிடித்துக்கொண்டான்.