ஏழாம் எண் கூண்டு

துணியை உருவியதும் நாற்பது கூண்டுகளிலும் கச்சேரி தொடங்கிவிட்டது.

மலேசியாவின் கூலிம் மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை காலைக் குருவிப் பாட்டுப் போட்டி. குருவிகளைவிட அவற்றை வளர்ப்பவர்களின் கூத்துதான் பெரிது. கயிற்றுக்கு வெளியே நின்று ஒருவர் கும்பிடுகிறார், ஒருவர் கெஞ்சுகிறார், ஒருவர் தொடையைத் தட்டுகிறார். சந்திரகாசனுக்குச் சீட்டியடிக்க வராது. விரலைச் சொடுக்கிச் சொடுக்கியே தன் முராய்க் குருவியை உசுப்பிக்கொண்டிருந்தான்.

நடுவராக வந்திருந்தவன், கையில் கொடியோடு ஒவ்வொரு கூண்டாக நின்று கேட்டான்.

ஏழாம் எண், சந்திரகாசனுடையது. இந்த நடுவரின் தங்கை கோமளத்தைக் கட்டிய அதே சந்திரகாசன்தான்.

கோமளம் எவனோடோ ஓடிப்போய் இரண்டு வருடம் ஆகிறது. சந்திரகாசன்தான் ஊரெல்லாம் அழுதுகொண்டே சொன்னான். அன்றிலிருந்து அவளுடைய அண்ணன் என்று சொல்லிக்கொள்ளவே இவனுக்கு வெட்கம். தேடவில்லை. திட்டிக்கொண்டு மட்டும் இருந்தான்.

முராய் கேட்டதையெல்லாம் பாடும். ஏழாம் எண் முதலில் குயிலாகக் கூவியது. அப்புறம் குக்கர் விசில். கூட்டம் சிரித்தது. வீட்டுச் சத்தம் வந்தால் மதிப்பெண் போச்சு.

அடுத்து ஒரு சீட்டி.

மூன்று இழுப்பு. மூன்றாவது பாதியிலேயே உடைந்து காற்றாகப் போனது.

நடுவராக நின்றவன் கூண்டை நெருங்கினான்.

சின்ன வயதில் சோறு வெந்ததும் கோமளம் அவனை அப்படித்தான் கூப்பிடுவாள். முன்பல் பாதி உடைந்தவள். மூன்றாவது இழுப்பில் காற்று தப்பிவிடும். எங்கே இருந்தாலும் ஒற்றைச் சீட்டியில் அவன் பதில் கொடுப்பான்.

குருவியின் காலைப் பார்த்தான். வளையத்தில் பிறந்த ஆண்டாக இந்த வருடம் பொறித்திருந்தது.

கோமளத்தைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க முடியாத குருவி.

"மச்சான், இத வெளிய எங்கயாச்சும் விட்டு வளத்தியா?"

"சேச்சே. பொரிச்சதுலேருந்து எங்க வீட்டுப் பின்னறைதான். வெளிச் சத்தம் படக்கூடாதுன்னு சன்னலுக்குப் பலகைகூட அடிச்சிருக்கேன்," என்றான் சந்திரகாசன், பெருமையாக.

குருவி மறுபடி சீட்டியடித்தது. ஏழாம் எண் தோற்றது என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

அவன் முதல் பரிசுக் கொடியை அதன் கீழே நட்டான்.

முணுமுணுப்பு எழுந்தது. மச்சானுக்கு மச்சான் விட்டுக்கொடுப்பானா என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. சொல்லிவிட்டுப் போகட்டும். பரிசளிப்பு பன்னிரண்டு மணிக்கு. முதல் பரிசுக்காரன் அதுவரை மைதானத்தை விட்டு நகர மாட்டான். சந்திரகாசன் இப்போதே போட்டோவுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தான்.

சந்திரகாசன் வீட்டுக்கு மோட்டார் சைக்கிளில் பத்து நிமிடம்.

வீட்டின் பின்பக்கம், பலகை அடித்த சன்னலின் கீழே நின்று உதட்டைக் குவித்தான். வாய் வறண்டு வெறும் காற்றுதான் வந்தது. இரண்டாம் தடவையும் அப்படியே.

மூன்றாம் தடவை அவனுடைய பழைய ஒற்றைச் சீட்டி வந்தது.

பலகையில் காதை வைத்துக்கொண்டு நின்றான்.