டோக்கனில் அவள் பெயர்

ஒலிபெருக்கி இரண்டாவது முறை "துளசிமணி" என்று கூப்பிட்டபோதுதான் அது தன் பெயர் என்று அவளுக்கு உறைத்தது.

எழுந்தாள். பக்கத்து நாற்காலியில் இருந்த சாரும் எழுந்தார்.

சார் கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். நாலு வருடமாக அவர் வீட்டில்தான் அவளுக்கு வேலை. டாக்டரிடம் டோக்கனா, கேஸ் ஆபீஸில் வரிசையா, போய் நிற்பது அவள்தான். அவருக்கு முழங்கால் வலி. அவள் வாங்கி வைத்தால் நிதானமாக வந்து உட்கார்ந்துகொள்வார். இதுவரை யாரும் ஒன்றும் கேட்டதில்லை.

இந்தக் கல்யாண மண்டபத்து வாசலில் கேட்டார்கள்.

ஆதார் அட்டையைக் காட்டச் சொன்னார்கள். காட்டினாள். டோக்கனில் அவள் பெயரையே எழுதி முத்திரை குத்திவிட்டார்கள். பத்தரை மணிக்கு வந்த சார் அதைப் பார்த்துச் சிரித்தார். யார் பெயரில் இருந்தால் என்ன என்றார்.

பெயர் யாருடையதோ அவர்தான் பேசலாம்.

மேடையில் இருந்த கூட்டத் தலைவர் காலையிலிருந்து நாலு பேரிடம் இதைச் சொல்லியாயிற்று. ஐந்தாவதாகச் சாரிடமும் சொன்னார்.

சார் சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்து அவள் கையில் திணித்தார்.

"அப்படியே படிச்சிரு. ஒரு வரி விட்றாத."

மணி மூன்று. காலை ஆறு மணியிலிருந்து வரிசையில் நின்ற கால், உட்கார்ந்த பிறகும் கடுத்துக்கொண்டேதான் இருந்தது.

மாடியில் சூரிய மின்சாரம் எடுக்கிறவர்கள், கம்பிக்கும் கம்பத்துக்கும் சேர்த்து மாதாமாதம் தனிக் கட்டணம் கட்ட வேண்டும். அப்படி ஒரு சட்டம் வரப்போகிறதாம். வரலாமா கூடாதா என்று ஊரைக் கேட்கிற கூட்டம் இது. ஆளுக்கு மூன்று நிமிடம். சூரியனுக்கே வரியா என்று கேட்ட முதல் ஆளுக்கு மண்டபமே கைதட்டியது. பதினான்காவது ஆள் அதையே கேட்டபோது தட்டுவதற்குக் கையில்லை.

நடுவில் ஒரு மின் அதிகாரி எழுந்தார். மாடி வீட்டுக்காரர்கள் கட்டாவிட்டால் அந்தச் செலவு மற்றவர்கள் தலையில்தான் விழும் என்றார். கூச்சல் போட்டு அவரை உட்கார வைத்துவிட்டார்கள்.

மற்றவர்கள் என்றால் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அவளுக்குத் தெரியும்.

மேடைக்கு நடக்கையில் முந்தானை முடிச்சு இடுப்பில் இடித்தது. சார் வீட்டு மாடிச் சாவி. ஞாயிறுதோறும் வெயில் ஏறுவதற்குள் வெளிப்படிக்கட்டு வழியாகப் போய், பத்துப் பேனலையும் ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும். சார் தூங்கிக்கொண்டிருப்பார். அதனால் சாவி அவளிடமே இருக்கும். மூன்று வீட்டில் வேலை பார்க்கிறாள். நம்பிச் சாவி கொடுத்தது அவர் மட்டும்தான். மகளின் நர்சிங் படிப்பு ஓடுவதும் அந்த வீட்டை வைத்துத்தான்.

எட்டாவது வரை படித்தவள். எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தாள்.

"என் வீட்டு மாடியில் பத்து சூரிய மின் தகடுகள் உள்ளன."

குரல் மண்டபம் முழுக்கப் போய்த் திரும்பி வந்தது. கூச்சமாக இருந்தது. கொஞ்சம் நன்றாகவும் இருந்தது.

வாழ்நாள் சேமிப்பைப் போட்டேன் என்று படித்தாள். அரசு சொல்லித்தான் போட்டேன் என்று படித்தாள். இப்போது விதியை மாற்றுவது நம்பிக்கை மோசடி என்று படித்தாள். சார் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. முதல் நாள் அந்தப் பேனல்களைத் தடவிப் பார்த்து அவர் சந்தோஷப்பட்டதை அவள் பார்த்திருக்கிறாள்.

காகிதம் முடிந்தது.

தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் ஒரு நிமிஷம் இருக்கும்மா. வேற ஏதாவது சொல்லணுமா?"

இல்லீங்க என்று சொல்லிவிட்டு இறங்கியிருக்கலாம். அந்த ஒரு சொல் வாய்வரைக்கும் வந்தது. ஆனால் மைக்கின் முன்னால் நிறுத்தி, நீ என்ன சொல்கிறாய் என்று இத்தனை வயதில் அவளை யாரும் கேட்டதில்லை. கால் கடுத்துப்போனவளுக்கு வாயைக் காவல் காக்கத் தெம்பும் இல்லை.

"இது சார் எழுதுனதுங்க. எங்களுக்கு மாடி இல்லீங்க. லைன் வீடு. எட்டுக் குடித்தனத்துக்கும் அந்த ஒத்தக் கம்பந்தானுங்க. அந்தச் செலவும் எங்க மேல வந்து விழுந்தா, நாங்க எந்த மாடிக்குப் போறதுங்க?"

முன்வரிசையில் மின் அதிகாரிகள் கைதட்டினார்கள்.

அவர்களுக்காக அவள் பேசவில்லை. அதைச் சொல்வதற்குள் மணி அடித்துவிட்டது.

சார் கதவோரம் போய் நின்றிருந்தார். முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை. பகல் முழுக்க உட்கார்ந்து களைத்துப்போன முகம். அவளுடைய முகமும் அப்படித்தான் இருந்திருக்கும்.

கை நீட்டினார்.

காகிதத்தைக் கொடுத்தாள். நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

மறுபடியும் நீட்டினார்.

டோக்கனைக் கொடுத்தாள். அதை அவர் வாங்கவில்லை. கையையும் மடக்கவில்லை.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

முந்தானையை முன்னால் இழுத்தாள். வரிசையில் சாவி எங்காவது விழுந்துவிடப் போகிறதே என்று காலையில் இரட்டை முடிச்சாகப் போட்டிருந்தாள். நகம் நுழையவில்லை.

"மெதுவாவே அவுத்துக் குடு" என்றார் சார். "அவசரமில்ல."