முதல் அடுப்பு

"பந்திக்கு முந்துறதுன்னா இதுதான்!" தையல்காரர் கத்தரிக்கோலை மேஜைமேல் போட்டார். "தெருவே விறகுப் புகையில இருமிக்கிட்டு இருக்கு. இன்ஜினியர் வீட்ல மட்டும் ஜம்முனு கேஸ் அடுப்பு எரியுது!"

"நிஜமாவா?" என்றார் தைத்த துணியை வாங்க வந்த எதிர்வீட்டு டீச்சர்.

"என் கண்ணால பார்த்தேன் டீச்சர். காலையில பத்த வச்சா ராத்திரி வரைக்கும் அணைக்கிறதே இல்லை. வெங்காயம் வதக்குற வாசனை என் கடைவரைக்கும் வருது."

வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்த கேஸ் நின்றுபோய் ஒரு மாதமாகிறது. அங்கே ஏதோ சண்டையாம். இங்கே வீட்டு கேஸ் குழாயைத் திறந்தால் வெறும் காற்றுகூட வருவதில்லை. மார்க்கெட் கழிவிலிருந்து கேஸ் எடுக்க ஊர்க்கோடியில் புதிதாக ஓர் ஆலை கட்டியிருக்கிறார்கள். அதற்குப் பொறுப்பு, இதே தெருவில் குடியிருக்கும் இன்ஜினியர்.

"கேஸ் தயாரா இருக்கு. ஆனா இது வேற கேஸ், நம்ம வீட்டுக் குழாயெல்லாம் பழசு. சரிப்பட்டு வருதான்னு பார்த்துட்டு எல்லாருக்கும் திறந்து விடறேன்" என்று தெருக்கூட்டத்தில் சொல்லியிருந்தார். பேச்சுக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை.

"கொழுப்பைக் கேளுங்க" என்று தொடர்ந்தார் தையல்காரர். "ஜன்னல் கதவையெல்லாம் கழற்றி வச்சுட்டு சமைக்கிறார். நாம பார்த்து ஏங்கணுமாம்!"

"அவர் சம்சாரம் ஒண்ணும் சொல்றதில்லையா?"

"அவங்களையும் பொண்ணையும் மாமனார் வீட்டுக்கு அனுப்பியாச்சே! இவர் மட்டும் ஆக்கித் தின்னுக்கிட்டு ராஜாவாட்டம் இருக்கார்."

தையல்காரர் கோபத்திலும் நியாயம் இருந்தது. அவர் மனைவிக்கு ஆஸ்துமா. மின் அடுப்பு வாங்கினார். மின்சாரம்தான் பாதி நேரம் இருப்பதில்லை. நேற்று விறகுப் புகையில் அவள் மூச்சுத் திணறி, உதடெல்லாம் நீலம் பாரித்துவிட்டது.

இப்போதும் உள்ளேயிருந்து இருமல் கேட்டது. அவ்வளவுதான், செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். டீச்சரும் பின்னாலேயே போனார்.

இன்ஜினியர் வீட்டுக் கதவு ஆவென்று திறந்து கிடந்தது. வாசலில் இருந்த மணல் வாளி காலில் இடித்து, தையல்காரரின் கோபத்தை இன்னும் கிளப்பியது.

சமையலறையில் இன்ஜினியர் குழாய் இணைப்பில் சோப்பு நுரையைத் தடவிக்கொண்டிருந்தார். அடுப்பில் பெரிய பாத்திரத்தில் தண்ணீர் தளதளவென்று கொதித்தது.

"அண்ணே, உள்ளே வராதீங்க! அங்கேயே நில்லுங்க."

"பார்த்தீங்களா டீச்சர், வீட்டுக்குள்ளகூட சேர்க்கமாட்டாராம்!" தையல்காரர் இன்ஜினியர் பக்கம் திரும்பினார். "சார், என் பெண்டாட்டி மூச்சு விட முடியாம தவிக்கிறா. என் வீட்டுக்கு இன்னைக்கே திறந்து விடுங்க."

"இன்னும் கொஞ்ச நாள் பொறுங்கண்ணே."

"உங்களால பொறுக்க முடியலையே! உங்க வீட்டுக்கு ஒரு நியாயம், எங்க வீட்டுக்கு ஒரு நியாயமா?"

இன்ஜினியர் அடுத்த இணைப்பில் நுரையைத் தடவினார்.

வாசலோரம் ஸ்டூல்மேல் இருந்த போன் அடித்தது. இன்ஜினியர் நுரை வழியும் கைகளைப் பார்த்துக்கொண்டார்.

"என் பொண்ணுதான். அண்ணே, கொஞ்சம் ஸ்பீக்கர்ல போடுங்களேன்."

தையல்காரர் முறைத்துக்கொண்டே அமுக்கினார்.

"அப்பா! இன்னைக்கும் வெடிக்கலையா? அப்ப நாங்க வீட்டுக்கு வரலாமா?"