ஒன்பதாம் பெட்டி

புதுப் பூட்டுக்கான மூன்று சிப்புகள் காணாமல் போயிருந்தன. வெளியாள் யாரும் உள்ளே வரவில்லை என்பதுதான் பெரியவரைக் குடைந்தது. மூன்று தலைமுறையாகப் பூட்டு விற்ற குடும்பத்தில் திருட்டு!

"ஒன்பதாம் பெட்டியைப் பார்த்துட்டாப் போதும்பா" என்றான், நிர்வாகம் பார்க்கும் மூத்த மகன்.

அலுவலகச் சுவரில் அவர்களே தயாரித்த மின்பூட்டுப் பெட்டிகள், ஆளுக்கொன்று. ஒன்பது, சின்ன மருமகளுடையது. அடுத்த மாதம் அவளுக்கும் நிர்வாகத்தில் பொறுப்புக் கொடுப்பதாக இருந்தார் பெரியவர். அவளைக் கூப்பிட்டு, நாலு பேர் எதிரில் பெட்டியைத் திற என்று சொல்ல அவருக்கு நா எழவில்லை.

மகன் அதற்கும் வழி வைத்திருந்தான். திறக்க வேண்டிய பெட்டியின் எண்ணைப் கணினி நினைவகத்தில் யாரும் எழுதக்கூடிய பொதுவான ஒரு பக்கத்தில் எழுத வேண்டும். பூட்டைக் காக்கும் நிரலான ஃபர்ம்வேர் அதை இரண்டு தடவை படிக்கும். கேட்பவருக்கு உரிமை உண்டா என்று பார்க்க ஒரு தடவை, திறக்க ஒரு தடவை. இடையில் எண்ணை மாற்றிவிட்டால் எந்தப் பெட்டியும் திறக்கும்.

"அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கிற கெர்னல் டிரைவர்ங்கிற நிரலை எழுதினதே உங்க சின்ன மருமகதான். ஓட்டையை எதுக்கு விட்டு வெச்சான்னு நினைக்கிறீங்க?"

பெரியவர் அவள் இருக்கைக்குப் போனார். கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல் அவள் சொன்னாள்:

"அரை மணி நேரம் குடுங்க மாமா. நகல் எடுக்கிற வேலை மட்டும்தான் பாக்கி."

நகலா? மூட்டை கட்டுகிறாள் போலிருக்கிறது. ஆனாலும் கேட்டதைக் கொடுத்தார். அரை மணி கழிந்ததும் நிமிர்ந்து நின்று அறிவித்தார்:

"யாரா இருந்தாலும் இன்னிக்கே வெளியே. உறவெல்லாம் அப்புறம்."

"உங்க பேச்சை மீறவே மாட்டேன்பா" என்று மகன் உற்சாகமாக உட்கார்ந்தான். மருமகளும் வந்து நின்றாள். தாராளமாகத் திறக்கச் சொன்னாள்.

மகன் தன்னுடைய நான்காம் பெட்டியின் எண்ணை எழுதினான். உரிமை உண்டு என்று ஃபர்ம்வேர் ஒப்புக்கொண்ட அதே நொடியில், அவன் தயாராக வைத்திருந்த நிரல் அதை ஒன்பதாக மாற்றியது. எங்கோ 'டிக்' என்றது. பெரியவர் ஒன்பதாம் பெட்டியை இழுத்தார். அது அசையவில்லை.

"அரை மணி முன்னாடி வரைக்கும் இது பலிச்சிருக்கும் மாமா" என்று மருமகள் உள்ளங்கையை விரித்தாள். அதில் ஒரு சிப். "யாரோ இதே வழியில என் பெட்டியைத் திறந்து இதை உள்ளே போட்டிருக்காங்க. அதான் டிரைவரை மாத்தினேன். கேட்கிற எண்ணை, வேற யார் கையும் எட்டாத இடத்துல முதல்லயே நகல் எடுத்துக்கும். ஃபர்ம்வேருக்கு அந்த நகல்தான் போகும். பிறகு எதை மாத்தினாலும், முதல்ல கேட்ட பெட்டிதான் திறக்கும்."

பெரியவர் திரும்பிப் பார்த்தார்.

திறந்து கிடந்த நான்காம் பெட்டியில், மூத்த மகனின் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குப் பக்கத்தில், மீதி இரண்டு சிப்புகளும் சமர்த்தாக உட்கார்ந்திருந்தன.