மர டாங்கிகள்

போரில் எதிரியை ஏமாற்றிய வீரர்களைப் பற்றிய ஆவணப்படம் அது. கேமராவின் முன் உட்கார்ந்திருந்த முன்னாள் ஹவில்தார் தங்கப்பழம், மரத்திலும் கித்தானிலும் டாங்கிகள் செய்து வெட்டவெளியில் நிறுத்திய கதையைச் சொன்னார். நிஜ டாங்கிகள் என்று நம்பி விமானங்கள் குண்டு போட்டன. காவல் நின்ற பதினோரு பேர் செத்துப்போனார்கள்.

அவர்களில் ஒருவரான இருதயராஜின் மகள் ஸ்டெல்லா பக்கத்தில் இருந்தாள்.

"குண்டு அங்கதான் விழும்னு அப்பாவுக்குத் தெரியுமா மாமா?"

மர டாங்கிகளைப் பயிற்சிக்காகத்தான் வைத்திருக்கிறோம் என்று காவலர்களிடம் சொல்லச்சொல்லி அன்று உத்தரவு. இருதயராஜிடம் அதைச் சொன்னவர் தங்கப்பழம்தான்.

"தெரியும்மா. தெரிஞ்சுதான் நின்னான்" என்றார்.

ஸ்டெல்லா அழுதுகொண்டே அவர் கையை எடுத்துக் கண்களில் ஒற்றிக்கொண்டாள். அவரால் அந்தக் கையை இழுத்துக்கொள்ள முடியவில்லை.