இரண்டாவது பிஸ்கட்

அரசாங்கம் மானியம் அறிவித்தாலும் அறிவித்தது, ஃப்ரீஸ்லாந்து மாகாணத்தின் அந்தச் சின்ன ஊரில் எந்தக் கூரையைப் பார்த்தாலும் ஏணி, எந்தத் தெருவைப் பார்த்தாலும் வேன். சோலார் பேனல் விற்கிறவர்களுக்கு மூச்சுவிட நேரமில்லை.

பேனல் திருடும் ரெய்ண்டருக்கும்தான். கூரையில் நிற்பவனை இப்போதெல்லாம் யார் சந்தேகப்படுகிறார்கள்? வாங்குவதற்கு ஆளும் தயாராகக் காத்திருந்தான். மாட்டிக்கொள்ளாமல் இருந்தால் போதும். ஏற்கெனவே ஒருமுறை ஜெயிலைப் பார்த்தவன் அவன்.

அன்று காலை அவன் தட்டிய கதவைத் திறந்தது திருமதி போஸ்ட்மா. எழுபது வயது, தனி ஆள்.

"பேனலைக் கழட்டிக் கொண்டுபோய், சர்வீஸ் பண்ணி மாட்டித் தர்றோம்மா. இலவசம்தான்."

"பன்னிரண்டையுமா?"

ரெய்ண்டர் தலையாட்டினான். "ஆமாம்மா. ஒண்ணு விடாம."

"அப்புறம் ஏன் நின்னுக்கிட்டு இருக்கீங்க? ஏறுங்க!"

ரெய்ண்டரும் கூட்டாளி யெல்லெயும் ஏறினார்கள். ஏணியை அந்த அம்மாவே பிடித்துக்கொண்டார்.

பத்தரை மணிக்குக் காபி வந்தது. ஆளுக்கு ஒரு பிஸ்கட் கொடுத்ததும் டப்பாவை மூடிவிடுவது அந்த ஊர் வழக்கம். வீட்டு மாப்பிள்ளைக்கே இரண்டாவது கிடைக்காது. போஸ்ட்மா டப்பாவை மூடவில்லை.

"இன்னொண்ணு எடுத்துக்கோங்க தம்பி."

மறுபடி கூரைக்குப் போனதும் யெல்லெ முனகினான். "அண்ணே, மனசு கேக்கல. இவ்வளவு நல்ல பொம்பளையைப் போயி..."

"பிஸ்கட்டுக்கு உருகுறவன்லாம் திருட வரக்கூடாதுடா. ஸ்பேனரை எடு."

மதியத்துக்குள் கூரை மொட்டை. வேன் கிளம்பும்போது போஸ்ட்மா ஓடிவந்து பிஸ்கட் டப்பாவையே ஜன்னல் வழியாகத் திணித்தார். ரெய்ண்டரே கையசைத்தான்.

ஊர் எல்லை தாண்டியதும் யெல்லெ டப்பாவைத் திறந்தான். பிஸ்கட்டுகளின் மேல் ஒரு சீட்டு இருந்தது. ரெய்ண்டர் அதைப் பிடுங்கிப் படித்தான்.

"தம்பிகளுக்கு, இலவசம் என்றபோதே நீங்கள் யாரென்று புரிந்துவிட்டது. கூரை காலியாக இருந்தால்தான் புதுப் பேனலுக்கு மானியமாம். வெள்ளிக்கிழமை கடைசி நாள். புதுசு விற்கிற மும்முரத்தில், நாலு வருஷமாகச் செத்துக் கிடக்கும் என் பழைய பேனல்களைக் கழற்ற ஒரு கம்பெனிக்காரனும் வரவில்லை.

திருடர்களாவது வந்தீர்களே, நன்றி!"